டத்தோவின் கட்டைவிரல்

அப்பாவும் மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, கூரையோரம் மழைநீர் ஓடும் தகரக் குழாயிலிருந்து ரம்புத்தான் இலைகளை அள்ளிப் போட்டது. அன்று சனிக்கிழமை. மலேசியாவில், ஜோகூர் மாநிலத்துச் சிகாமட்டில் வெள்ளம் வடிந்து சில வாரங்கள் ஆகியிருந்தன. வெயில் அடித்தது. ஆனால் கிழக்கு மூலையில் வானம் கறுத்து நின்றது, உள்ளே வரலாமா என்று கேட்காமலே வாசலில் நிற்கும் ஆளைப் போல.

கிருபானந்தன் ஏணியின் மேல் நின்றார். சுபத்திரா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அவர் வலது கையால் மட்டுமே இலைகளை அள்ளினார். இடது கையை மடக்கி மார்போடு அணைத்திருந்தார். அந்தக் கையின் கட்டைவிரலில் ஒரு பிளாஸ்டர் ஒட்டியிருந்தது.

"ரெண்டு கையாலயும் அள்ளுங்கப்பா. ஏணி ஆடுது."

"நீ ஒழுங்கா புடிச்சா ஏன் ஆடுது?"

"நான் புடிச்சிட்டுதான் இருக்கேன். நீங்கதான் மேல டான்ஸ் ஆடுறீங்க."

"சிங்கப்பூர்ல உனக்கு இதுக்குத்தான் சம்பளம் குடுக்கிறானா, பிள்ளை? குறை கண்டுபிடிக்கிறதுக்கு?"

"ஆமா லா. அதுக்குத்தான்."

உண்மையும் அதுதான். கம்பெனிகளின் கணினிகளுக்குள் எந்த ஓட்டை வழியாகத் திருடன் நுழைவான் என்று தேடிச் சொல்வது அவள் வேலை. வார நாட்களில் சிங்கப்பூர், வார இறுதியில் ரயிலேறி சிகாமட்.

சமையலறை ஜன்னலிலிருந்து அம்மா யோகம் குரல் கொடுத்தாள். "அந்த விரல்ல என்ன காயம்னு கேளு. எனக்குச் சொல்ல மாட்டேங்கிறார். குளிச்சிட்டு வந்ததும் முதல்ல புது பிளாஸ்டர், அப்புறம்தான் திருநீறு."

"கதவுல நசுங்கிடுச்சு," என்றார் கிருபானந்தன்.

"எந்தக் கதவுல? இந்த வீட்டுக் கதவுல எதுலயும் நீங்க விரல் வெக்கிற ஆள் இல்லையே," என்றாள் யோகம்.

அவர் குழாய்க்குள் வாளித் தண்ணீரை ஊற்றினார். அடைப்பு விட்டு, கறுப்புச் சேற்றோடு தண்ணீர் இறங்கி ஓடியது. அது கடைசிச் சொட்டுவரை போகிறதா என்று ஏணியிலேயே நின்று பார்த்தார். தண்ணீர் எங்கே போகிறது என்று பார்க்காமல் அவர் எந்த இடத்தையும் விட்டு நகர்ந்ததில்லை.

அதற்குக் காரணம் இருந்தது. அவர் பிறந்து வளர்ந்தது இதே ஊர் ரயில்வே குவார்ட்டர்ஸில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த குடும்பம். அவருடைய அப்பா ரயில்வேயில் கிளார்க். சின்ன வயதில் ஒரு மழைக்காலத்தில், கதவடியில் தண்ணீர் ஓசையில்லாமல் உள்ளே வருவதை அவர் படுக்கையிலிருந்து பார்த்தார். அலமாரியின் மேல் அவரை ஏற்றி உட்கார வைத்தார்கள். அங்கிருந்து பார்த்தபோது தன் செருப்புகள் வீட்டுக்குள் மிதந்து சுற்றிக்கொண்டிருந்தன. அந்தப் பயம் பிறகு அவரை விட்டுப் போகவில்லை. படித்து டெக்னீஷியன் ஆனார். ஊருக்கு மேலே ஆற்றில் மதகு கட்டியபோது, அதை நடத்தும் வாரியத்தில் விரும்பிப் போய்ச் சேர்ந்தார். தண்ணீரைப் பார்த்துப் பயந்தவனுக்குத் தண்ணீரைத் திறக்கவும் மூடவும் உரிமை கிடைத்தது. அதைவிட நிம்மதி வேறு இல்லை என்று சொல்வார்.

வீட்டில் கேஸ் மூடியிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, வாசல்வரை போய், திரும்பி வந்து மறுபடி பார்ப்பார். "கல்யாணத்தன்னிக்குத் தாலி முடிச்சையே இழுத்துப் பார்த்த மனுஷன்," என்று யோகம் ஊரெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்ட ஆள்தான் அந்தக் காரியத்தைச் செய்தார்.

அது என்ன காரியம் என்று சனிக்கிழமை மத்தியானம்வரை சுபத்திராவுக்குத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது எல்லாருக்கும் தெரிந்ததுதான். மழை கொட்டிய ஒரு நாளில் மதகுக் கதவுகள் திறக்கப்பட்டன. திறக்காவிட்டால் கரை உடைந்து ஊரே போயிருக்கும். ஆனால் மதகுக்குக் கீழே ஆற்றோரம் இருந்த கம்பம் சீரே என்ற கிராமத்தில் ஆட்கள் இன்னும் வீட்டைக் காலி செய்து முடிக்கவில்லை. தண்ணீர் அவர்கள் மேல் வந்தது. படுத்த படுக்கையாக இருந்த ஒரு பெரியவர் இறந்துபோனார். அவருடைய மகன் படகு தேடிப் போயிருந்தான். வாரியம் விசாரணை தொடங்கியது. அன்று வேலையில் இருந்த கிருபானந்தனை, விசாரணை முடியும்வரை மதகுப் பக்கம் வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். திங்கட்கிழமை காலை அவர் விசாரணை அதிகாரி ஃபிர்தௌஸிடம் வாக்குமூலம் கொடுக்க வேண்டும்.

"எல்லாம் ரூல்படிதானே செஞ்சீங்க?" என்று சுபத்திரா முதல் வாரமே கேட்டாள்.

"ம்," என்றார்.

அந்த 'ம்' அவளுக்குப் பிடிக்கவில்லை.

மத்தியானச் சாப்பாடு முடிந்து பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது வாசலில் கார் வந்து நின்றது. வாரியத்தின் தலைவர் சோமசேகரம், அரசு கொடுத்த 'டத்தோ' பட்டம் உள்ளவர். டிரைவர் இல்லாமல் தானே ஓட்டி வந்திருந்தார். கையில் ஒரு கேக் பெட்டி. வெள்ளைப் பருத்திக் கையுறை போட்டிருந்தார்.

அவர் அந்த வீட்டுக்குப் புதியவர் அல்ல. ஒரே பள்ளிக்கூடம், கிருபானந்தனுக்கு இரண்டு வகுப்புக் கீழே. ஒன்றாக ஹாக்கி ஆடியவர்கள். கோயில் கமிட்டியில் ஒன்றாக இருந்தவர்கள். கோயிலில் 'அண்ணே', 'சேகரம்'. ஆபீஸில் மட்டும் கிருபானந்தன் அவரை 'டத்தோ' என்பார். சேகரம் வேண்டாம் என்று சொல்லியும் அப்படித்தான். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கிருபானந்தனைக் கூப்பிட்டு மறுபடி ஒப்பந்தத்தில் சேர்த்ததும் அவர்தான்.

யோகம் டீ கொண்டுவந்து வைத்தாள். அவர் தொடவில்லை.

"ஆறட்டும்கா."

"எப்பவும் கொதிக்கக் கொதிக்கக் குடிப்பீங்களே. கையில என்ன உறை? மாப்பிள்ளை ஊர்வலமா?"

"அலர்ஜிக்கா. சோப்பு ஒத்துக்கல."

யோகம் சிரித்துவிட்டு, பின்பக்கம் துணி எடுக்கப் போனாள். சுபத்திரா சமையலறையில் குழாயை மூடினாள். கூடத்துக்கும் சமையலறைக்கும் நடுவே ஒரு மணித்திரை மட்டும்தான் இருந்தது.

"அண்ணே, ஒரே ஒரு வார்த்தை," என்றார் டத்தோ. "நான் அன்னிக்கு அங்க இருந்தேன். அவ்வளவுதான். மெஷின்ல என் பேர் இருக்கு. நீங்களும் ஆமான்னா முடிஞ்சது."

"கேமரா?"

"இடி விழுந்து கெட்டுப் போன கேமராதானே. ரிப்பேர் பண்ணச் சொல்லி வந்த பேப்பர் என் மேசையிலதான் கிடக்கு. நான்தான் கையெழுத்துப் போடல."

"என்கூட டியூட்டியில ஜுனைத் இருந்தானே?"

"அவன் கீழ பம்ப் ரூம்ல இருந்தான். மேல யார் வந்தா யார் போனான்னு அவனுக்கு எப்படித் தெரியும்?"

கிருபானந்தன், "அந்த மனுஷன் செத்துட்டாரு, சேகரம்," என்றார்.

மதகு விஷயம் பேசும்போது அவர் டத்தோவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு சுபத்திரா கேட்டதே இல்லை. அவள் கை ஈரத்தோடு அப்படியே நின்றாள்.

"தெரியும்ண்ணே. நான் தூங்குறேன்னு நெனைக்கிறீங்களா?" டத்தோவின் குரல் இறங்கியது. "கொஞ்சம் டைம் குடுங்க. அடுத்த ஸ்கேன் வரைக்கும். அதுக்குள்ள வெளிய தெரிஞ்சா என்னைத் தூக்கிடுவாங்க. இந்த வேலை போனா எனக்கு வீட்ல உக்காந்து சாவை எண்ணிக்கிட்டு இருக்கிறதைத் தவிர வேற என்ன இருக்கு?"

"நான் உங்களுக்கு டைம் குடுக்கிறேன். மழைகிட்ட யாரு கேக்கிறது? திங்கள்ல இருந்து கனமழைன்னு சொல்றான். என்னை உள்ள விட மாட்டாங்க. உங்க விரலை மெஷின் எடுக்காது. யாரு திறப்பா?"

"கையால சுத்தித் திறக்கலாம்."

"ஒரு கதவுக்கு நாலு பேரு, அரை நாள். அஞ்சு கதவு இருக்கு. தண்ணி நமக்காக அரை நாள் நின்னு பார்க்குமா?"

டத்தோ எழுந்தார். டீ அப்படியே இருந்தது. வாசலில் சாவியைத் தவறவிட்டார். குனிந்து எடுக்க முயன்றபோது கையுறை வழுக்கியது. உறையைக் கழற்றினார். சுபத்திரா திரையின் இடுக்கு வழியாக அந்தக் கையைப் பார்த்தாள். உள்ளங்கை சிவந்து, தோல் உரிந்திருந்தது. விரல் நுனிகள் மெழுகுபோல வழவழவென்று, ஒரு கோடுகூட இல்லாமல் இருந்தன.

அவள் படித்த படிப்புக்கு அது போதும். சில புற்றுநோய் மாத்திரைகள் விரல்ரேகையை அழித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். அப்படிப்பட்ட ஒருவரை விரல் வைத்துத் திறக்கும் கதவுக்குப் பொறுப்பாக வைத்தால் என்ன நடக்கும் என்பதையும் அவளால் யோசிக்க முடிந்தது. ஒரே ஒரு விடைதான் மிஞ்சியது. அது தவறாக இருக்க வேண்டும் என்று அவள் வேண்டிக்கொண்டாள்.

கார் போனதும் அப்பா முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

"கையைக் காட்டுங்க."

"என்ன கை?"

"அப்பா. காட்டுங்க."

அவர் பிளாஸ்டரை மெதுவாக உரித்தார். அடியில் காயம் இல்லை. பல நாள் மூடிக் கிடந்ததால் விரல் வெளுத்துச் சுருங்கி இருந்தது.

"வலது?"

"அது என் பேருல."

"இது?"

அவர் அந்த விரலைப் பார்த்தார், யாரோ கொடுத்து வைத்துப் போன பொருளைப் பார்ப்பதுபோல.

"இது டத்தோ," என்றார்.

மதகில் விதி எளிமையானது. கதவு திறக்க இரண்டு பேர் விரல் வைக்க வேண்டும். ஒருவர் வேலையில் இருக்கும் ஆபரேட்டர். இன்னொருவர் மேலதிகாரி. ஒருவர் தண்ணீரைப் பார்ப்பார். மற்றவர் கீழே இருக்கும் கம்பங்களைக் கூப்பிட்டு, ஆட்கள் போய்விட்டார்களா என்று விசாரிப்பார். மேலதிகாரிகள் இரண்டு பேராக இருந்திருக்க வேண்டும். துணைத் தலைவர் பதவி காலியாகக் கிடந்தது. நிரப்பாமல் வைத்திருந்தது சோமசேகரம்தான். தன் இடத்தைப் பிடிக்க ஒருவனைத் தானே கொண்டுவர அவருக்கு மனமில்லை.

விரல் வைக்கும் இயந்திரம் போன வருடம் வந்தது. பதிவு செய்யும் நாளில் டத்தோவின் பத்து விரல்களையும் அது மறுத்தது. பொருத்த வந்த கம்பெனி ஆள் சாப்பிடப் போயிருந்தான். அறையில் இருந்தது இருவர் மட்டும். அப்போதுதான் டத்தோ சொன்னார். வயிற்றில் கட்டி, சிங்கப்பூரில் வைத்தியம், மாத்திரை. மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது. சொல்லும்போது அழுதார்.

"அழுதா என்ன செய்யிறது, பிள்ளை? ஹாக்கி ஆடும்போது கால் உடைஞ்சு அழாத ஆள்," என்றார் கிருபானந்தன். "மாத்திரை நின்னா ரேகை திரும்ப வந்துடும், அப்ப மாத்திக்கலாம்ணேன்னு சொன்னான். இப்போதைக்குத்தானேன்னு நான்தான் சொன்னேன். வைக்கச் சொல்லி அவன் கேக்கல. அவன் பேருல என் இடது விரலை நானா வெச்சேன்."

முதலில் டத்தோ ஒவ்வொரு முறையும் மதகுக்கு வந்து அவர் பக்கத்தில் நின்றார். கம்பங்களுக்கு அவரே போன் பண்ணினார். பிறகு "வையுங்கண்ணே" என்பார், கிருபானந்தன் இடது கையை வைப்பார். பிறகு டத்தோ காரில் இருந்தபடியே சொல்லத் தொடங்கினார். அப்புறம் வீட்டிலிருந்து. ஒன்றும் கெட்டுப்போகவில்லை. கெட்டுப்போகாத ஒவ்வொரு முறையும் அது கொஞ்சம் கொஞ்சமாகச் சரியான வழியாகவே தோன்ற ஆரம்பித்தது. கேஸை இரண்டு முறை பார்க்கும் மனிதருக்கும் அப்படித்தான் தோன்றியது.

வெள்ளம் வந்த அன்று டத்தோ சிங்கப்பூர் ஆஸ்பத்திரியில் ஸ்கேனுக்காகக் காத்துப் படுத்திருந்தார். கையில் போன். ஆட்களைப் பள்ளி மண்டபத்துக்கு மாற்றியாகிவிட்டது என்று ஒரு செய்தி வந்திருந்தது. அது வேறு கம்பத்தைப் பற்றியது. அவசரத்தில், மருந்து மயக்கத்தில், அவர் அதைக் கம்பம் சீரே என்று எடுத்துக்கொண்டார். "எல்லாரும் போயிட்டாங்கண்ணே, திறங்க," என்றார். கிருபானந்தன் வலது விரலை வைத்தார். இடது விரலை வைத்தார்.

இரண்டாவது ஆள் வேண்டும் என்று விதி போட்டதே, முதல் ஆளை ஒரு நிமிடம் நிறுத்தி, 'விசாரிச்சியா?' என்று கேட்பதற்காக. அன்று அந்த அறையில் கேட்க ஆள் இல்லை.

"நான் ஒரு போன் அடிச்சிருக்கலாம்," என்றார் அவர். "கம்பத்துத் தலைவர் நம்பர் சுவத்துலயே ஒட்டியிருக்கு. என் கண்ணுக்கு நேரா."

சுபத்திரா எழுந்து ஜன்னலைச் சாத்தினாள். வெளியே யாரும் இல்லை, இருந்தாலும் சாத்தினாள். இப்படிப்பட்டவை அவளுக்குப் புதிதல்ல. பெரிய கம்பெனி முதலாளி தன் பாஸ்வேர்டைக் காரியதரிசியிடம் கொடுத்துவிட்டு கோல்ஃப் ஆடப் போவதை அவள் பார்த்திருக்கிறாள். அதை அறிக்கையில் எழுதுவாள்; படிப்பவர்கள் சிரிப்பார்கள். அந்தக் காரியதரிசி என்ன ஆனாள் என்று அவள் கேட்டதில்லை.

"திங்கக்கிழமை ஒண்ணும் சொல்லாதீங்க," என்றாள். "முதல்ல ஒரு லாயரைப் பார்க்கலாம். ஜெயில்பா. பென்ஷன் போயிடும். ஒரு ஆள் செத்திருக்காங்க. டத்தோ தப்பிச்சுக்குவாரு, உங்களைத்தான் புடிப்பாங்க."

"புடிக்கட்டும்."

"என்ன புடிக்கட்டும்? அம்மாவை நெனைச்சீங்களா?"

"நெனைச்சேன். மூணு வாரமா அதைத்தான் நெனைச்சேன். அதான் இந்த பிளாஸ்டர்." அவர் உரித்த பிளாஸ்டரை விரல்களுக்கு நடுவில் உருட்டினார். "என்னை அறியாம எதுலயாவது பட்டுடுமோன்னு பயம். தூங்கும்போதுகூட இந்தக் கையைத் தனியா வெச்சுக்கிறேன். லாயரைப் பார்த்துட்டுதான் மழை வருமா, பிள்ளை? இப்ப மேல ஆபரேட்டர்னு ஜுனைத் மட்டும்தான் இருக்கான். தண்ணி ஏறினா அவன் விரலை வெப்பான். டத்தோ ஓடி வந்து அவர் விரலை வெப்பாரு. மெஷின் 'இல்லை'ன்னு சொல்லும். மறுபடி வெப்பாரு. மறுபடி. கரை உடைஞ்சா நம்ம வீடு, ரயில்வே ஸ்டேஷன், கடைத்தெரு எல்லாம் போகும். அது ஏன் திறக்கலைன்னு அந்த ரூம்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்ச ஆள் நான், இங்க உக்காந்து கேக் திங்கணுமா?"

அவள் கேக் பெட்டியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு வந்தாள்.

"நீ வண்டி ஓட்டு," என்றார். "ஃபிர்தௌஸ்கிட்ட நடந்ததை நான் சொல்றேன். மெஷின் விஷயத்தை நீ விளக்கிச் சொல்லு. இந்த விரலை எடுத்துட்டு வேற அதிகாரி விரலை ஏத்தச் சொல்லணும். எடுக்கிறதைக் கண்ணால பார்த்துட்டுதான் வரணும்."

"இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடலாமேப்பா?"

"செத்த மனுஷனைப் பத்தி போன்ல சொல்றதா? நேர்ல போவோம். திங்கக்கிழமை காலையில."

அவள் அத்தோடு விட்டுவிட்டாள். உள்ளூர ஒரு நாள் கிடைத்ததே என்று ஆறுதலாகவும் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை கிருபானந்தன் பிளாஸ்டர் போடவில்லை. யோகம் அதைக் கவனித்து, "அப்பாடா, கதவு மன்னிச்சிடுச்சு போல," என்றாள். அவர் சிரித்தார். நீல முழுக்கைச் சட்டையைத் தானே இஸ்திரி போட்டு அறைக் கதவில் மாட்டினார். சாயந்திரம் பின்கதவுப் படியில் உட்கார்ந்து ஷூவுக்கு பாலிஷ் போட்டார். யோகம் டீ குடிக்கக் கூப்பிட்டாள். மறுபடி கூப்பிட்டாள். "காதுல என்ன, அதுலயும் பிளாஸ்டரா?" என்று கேட்டபடியே வந்தாள்.

அவர் கதவுச் சட்டத்தில் சாய்ந்திருந்தார். பிரஷ் வலது கையில் இருந்தது. இடது கை மடியில் விரிந்து கிடந்தது, மறைக்க ஒன்றுமில்லாத கையைப் போல. மாரடைப்பு என்றார் டாக்டர். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது என்றார். அதைச் சொன்னால் ஆறுதல் என்று நினைத்திருப்பார்.

திங்கட்கிழமை காலை, அவர் ஃபிர்தௌஸ் முன்னால் உட்கார்ந்திருக்க வேண்டிய நேரத்தில், கூடத்தில் படுத்திருந்தார். உறவுக்காரர் ஒருவர் வெள்ளைத் துணியைக் கிழித்து இரண்டு கால் கட்டைவிரல்களையும் சேர்த்துக் கட்டினார். பிறகு கைகளை மார்பின் மேல் வைத்து, இரண்டு கைக் கட்டைவிரல்களையும் ஒன்றாகச் சேர்த்துக் கட்டினார். எல்லா வீட்டிலும் செய்வதுதான். சுபத்திரா அந்த முடிச்சைப் பார்த்துக்கொண்டு நின்றாள். ஆபரேட்டரும் டத்தோவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

வெளியே காற்று எழும்பியது. எல்லார் போனிலும் ஒரே நேரத்தில் எச்சரிக்கை ஒலித்தது. ஜோகூரின் வட பகுதிக்குக் கனமழை; சிவப்பு. வந்திருந்தவர்கள் கூடாரத்தை இறுக்கிக் கட்டினார்கள். எடுப்பதை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாமா என்று பேசிக்கொண்டார்கள்.

டத்தோ சோமசேகரம் வந்தார். ஆட்கள் எழுந்து வழிவிட்டார்கள். மாலையை வைத்தார். யோகத்தின் முன்னால் நின்று அழுதார். அழுகை உண்மையானது, அதை சுபத்திரா சந்தேகப்படவில்லை. பிறகு அவர் குனிந்து, கட்டியிருந்த கைகளின் மேல் தன் கையுறைக் கையை வைத்தார். வைத்தவர் எடுக்கவில்லை. வெளியே முதல் இடி இடித்தது. அவர் கண் இடது கட்டைவிரலின் மேலேயே நின்றது. கழுத்துவரை தண்ணீர் ஏறிக்கொண்டிருக்கும் ஒரு மனிதனின் கண்.

சுபத்திராவுக்கு அந்தப் பார்வை புரிந்தது. கிட்டே போய், மற்றவர்களுக்குக் கேட்காமல் சொன்னாள்:

"உயிர் இல்லாத விரலை அந்த மெஷின் எடுக்காது அங்கிள்."

அவர் சுட்டதுபோலக் கையை எடுத்தார்.

"நான் அப்படி... ஐயோ. இல்லமா." முகம் வெளுத்துவிட்டது. "உனக்குத் தெரியுமா?"

"எல்லாம் தெரியும். வெளிய வாங்க."

கூரையோரம் நின்றார்கள். மழை பிடித்துக்கொண்டது. சனிக்கிழமை அள்ளிய குழாயில் தண்ணீர் தடையில்லாமல் இறங்கி ஓடியது.

"ஜுனைத் இப்பதான் கூப்பிட்டான்," என்றார் டத்தோ. "மேல தண்ணி ஏறுதாம். டத்தோ எப்ப வரீங்கன்னு கேக்கிறான்." கையுறையை இழுத்து விட்டுக்கொண்டார். "எனக்கு ஒரு வாரம் குடுமா. ஒரே ஒரு வாரம். நானே போய்ச் சொல்லிடறேன்."

"அப்பாவும் ரெண்டு நாள் முன்னாடி இப்படித்தான் திங்கக்கிழமைன்னு சொன்னாரு."

அவள் போனை எடுத்து ஃபிர்தௌஸைக் கூப்பிட்டாள். அவன் முதலில் துக்கம் விசாரித்தான். அங்கிள் ரொம்ப நல்லவர் என்றான். வாக்குமூலத்தைப் பற்றி இப்போது கவலைப்பட வேண்டாம் என்றான். அவள் நடுவே, "மதகுக்கு இப்பவே ஆளுங்களை அனுப்புங்க. கதவைக் கையாலதான் சுத்தணும். அதுக்கு முன்னாடி கம்பம் சீரேவைக் காலி பண்ணச் சொல்லுங்க," என்றாள்.

"கையாலயா? ஏன்? டத்தோ இருக்காரே?"

அவள் டத்தோவைப் பார்த்தாள். அவர் கையை நீட்டினார். போனைக் கொடுத்தாள். என்ன சொல்லப் போகிறார் என்று தெரியாமல்தான் கொடுத்தாள்.

"ஃபிர்தௌஸ், நான் டத்தோ பேசுறேன். அவங்க சொன்ன மாதிரி செய்யுங்க. இருபது பேர் வேணும். இப்பவே. கம்பத்துத் தலைவர்கிட்ட நான் பேசுறேன்." நிறுத்தினார். அந்தப் பக்கம் மறுபடி 'ஏன்' என்று கேட்டிருக்க வேண்டும். டத்தோவின் வாய் திறந்தது. மூடியது. மழையைப் பார்த்தார். போனை அவளிடம் திருப்பிக் கொடுத்தார்.

பாதி தூரம் வந்துவிட்டார். மீதித் தூரம் வர அவரால் முடியவில்லை. அவள் அவரை வெறுக்க நினைத்தாள். உறைக்குள் மறைந்திருந்த அந்தக் கைகளைப் பார்த்தபோது அதுவும் முடியவில்லை.

"ஏன்னு நான் சொல்றேன்," என்றாள் போனில். ஜெயில் இனி அப்பாவைத் தொடாது. ஆனால் பேச்சு தொடும். நாளைக்கு ஊரில் அவர் பெயர் எப்படி அடிபடும், அம்மா கோயிலுக்கு எப்படிப் போவாள், எல்லாம் கண்முன் வந்தது. சொன்னாள். ஹாக்கியையும் அழுகையையும் விட்டுவிட்டு, விரலை மட்டும் சொன்னாள். அந்தப் பக்கம் ஃபிர்தௌஸ் யாரையோ உரக்கக் கூப்பிடும் சத்தம் கேட்டது.

அன்று கதவுகளைக் கையால் சுற்றினார்கள். டத்தோவும் போய் ஒரு சக்கரத்தைப் பிடித்தாராம். உறை கிழிந்து கை ரத்தமானதை ஜுனைத் பிறகு வந்து சொன்னான். அவர் சக்கரத்தைப் பிடித்திருந்த நேரத்தில் இங்கே கிருபானந்தனைத் தூக்கினார்கள். மின்சுடலையில் கடைசியாகக் கட்டுகளை அவிழ்க்கச் சொன்னார்கள். சுபத்திராதான் அவிழ்த்தாள். கரை உடையவில்லை. கம்பம் சீரேயில் வீடுகளில் தண்ணீர் வந்தது. உள்ளே ஆள் யாரும் இல்லை.

நீலச் சட்டை இன்னும் அறைக் கதவில் தொங்குகிறது. ஃபிர்தௌஸ் சுபத்திராவின் வாக்குமூலத்தை எழுதிக்கொண்டு போயிருக்கிறான். டத்தோ விடுப்பில் இருக்கிறார். இயந்திரத்தைப் பொருத்திய கம்பெனி ஆள் கோலாலம்பூரிலிருந்து வர வேண்டும், இன்னும் வரவில்லை. மதகு அறை இயந்திரத்தில் சோமசேகரம் என்ற பெயருக்கு எதிரே, பிளாஸ்டர் இல்லாத ஒரு இடது கட்டைவிரல் இருக்கிறது. திங்கட்கிழமை காலையில் போய் அதை எடுத்துவிட வேண்டும், எடுப்பதைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்று கிருபானந்தன் சொல்லியிருந்தார்.